பழைய கம்ப்யூட்டரை விற்கப் போறீங்களா? டெலிட் பண்ணினால் மட்டும் ஏன் போதாது?

“எல்லா ஃபைலையும் டெலிட் பண்ணிட்டேன். ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணியாச்சு. இதுக்கு மேல என்ன இருக்கு?”

பழைய கம்ப்யூட்டரை விற்கத் தயாராகும் பலரும் சொல்வது இதுதான். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ஒரு படி மேலே போய், “ஃபார்மட்டே அடிச்சுட்டேன்” என்பார்கள். பெரும்பாலான நேரங்களில் இந்த இரண்டுமே போதாது. இலவசமாகக் கிடைக்கும் ஒரு ரெக்கவரி சாஃப்ட்வேரும் ஒரு மதிய நேரமும் இருந்தால், அந்த ஃபைல்களில் கணிசமானவற்றைத் திரும்ப எடுத்துவிட முடியும்.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அது டிபிஎம் 2.0 சிப் கேட்கிறது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது கேட்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ ஆபீஸ் கம்ப்யூட்டர்களும் வீட்டு லேப்டாப்களும் ஒரே நாளில் ‘பழசு’ ஆகிவிட்டன. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ, ஆன்லைன் எக்ஸ்சேஞ்சுக்கோ, தெருவில் வரும் பழைய சாமான் வண்டிக்கோ இவை போய்க்கொண்டிருக்கின்றன.

திருவள்ளூர் மாவட்டத்துக்கும் இந்த விஷயத்துக்கும் கூடுதலாக ஒரு தொடர்பு உண்டு. தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கிவைக்கப்பட்டது திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில்தான். எத்தனையோ குடும்பங்களில் வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர் அந்த லேப்டாப்தான். பிளஸ் டூ மார்க்‌ஷீட் ஸ்கேன், கல்லூரி விண்ணப்பம், அக்கா கல்யாண போட்டோ என எல்லாவற்றையும் சுமந்த அந்த லேப்டாப்களில் பல இன்று பரணில் கிடக்கின்றன. இன்னொரு பக்கம், தமிழ்நாட்டின் பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சி ஆலைகள் பலவும் இந்த மாவட்டத்திலும் பக்கத்து காஞ்சிபுரத்திலும்தான் இருக்கின்றன. கம்ப்யூட்டர் வந்து சேர்ந்த இடமும் உடைபடும் இடமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கும்மிடிப்பூண்டி ஆபீஸ் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது?

‘என் கம்ப்யூட்டரில் அப்படி என்ன ரகசியம் இருக்கப் போகிறது?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஓர் உதாரணம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்கு ஆலை, கெமிக்கல் ஆலை, வாகன உதிரிபாகத் தொழிற்சாலை என்று வரிசையாக இருக்கின்றன. சற்று மேற்கே தேர்வாய் கண்டிகையில் மிச்செலின் டயர் ஆலை இருக்கும் இன்னொரு சிப்காட். இங்கெல்லாம் ஒப்பந்தத் தொழிலாளர்களை அனுப்பும் லேபர் காண்ட்ராக்டர்களின் அலுவலகம் பெரும்பாலும் ஒரே ஓர் அறைதான். ஒரு டெஸ்க்டாப், ஒரு ஸ்கேனர், அதை இயக்க ஓர் ஊழியர். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ ஒரு தொழிலாளி வந்து சேர்ந்ததும் அவருடைய ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், போட்டோ எல்லாம் ஸ்கேன் ஆகும். பிஎஃப்-க்கான யுஏஎன், இஎஸ்ஐ எண், நாமினி பெயர், சொந்த ஊர் முகவரி, போன் நம்பர் எல்லாம் ஓர் எக்ஸெல் ஷீட்டில் ஏறும். ஆறு மாதத்தில் அவர் ஊருக்குப் போய்விடலாம். ஃபைல் போவதில்லை. ஐந்து வருடம் ஓடிய ஓர் ஆபீஸ் என்றால் வந்துபோன நூற்றுக்கணக்கானவர்களின் முழு ஜாதகமும் அந்த ஒரே டிஸ்கில் இருக்கும்.

அந்த டெஸ்க்டாப்பை விற்றால் காண்ட்ராக்டருக்குச் சில ஆயிரம் ரூபாய் கிடைக்கும். ஆனால் அந்த ஸ்கேன் நகல்கள் தவறான கைக்குப் போனால், அடி விழப் போவது அவருக்கு இல்லை. வேறொருவர் ஆதாரையும் பானையும் வைத்துப் போலி நிறுவனம் பதிவு செய்து, கூலித் தொழிலாளிகளின் வீட்டுக்குக் கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்த செய்திகளைத் தமிழ்நாட்டிலேயே படித்திருக்கிறோம். எங்கிருந்து கசிந்தது என்று அந்தத் தொழிலாளிக்குக் கடைசிவரை தெரியப் போவதில்லை. எனவே, ‘என்கிட்ட ரகசியம் எதுவும் இல்லை’ என்று சொல்வதற்கு முன், அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது உங்களுடையது மட்டும்தானா என்று பார்ப்பது நியாயம். ஆடிட்டர் ஆபீஸ், ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம், டியூஷன் சென்டர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

டெலிட் ஆனது எங்கே போகிறது?

எங்கேயும் போகவில்லை. அதுதான் பிரச்சினை.

ஒரு லாட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். வரவேற்பறையில் இருக்கும் ரிஜிஸ்டரில் ‘207-ம் அறை, இன்னார்’ என்று எழுதியிருக்கிறது. நீங்கள் டெலிட் அடிக்கும்போது கம்ப்யூட்டர் செய்வது, ரிஜிஸ்டரில் அந்த வரியை அடித்துவிட்டு ‘அறை காலி’ என்று குறிப்பது மட்டும்தான். அறைக்குள் ஆள் அப்படியே இருக்கிறார். வேறு யாருக்காவது அந்த அறையை ஒதுக்கும்போதுதான் அவர் வெளியேற்றப்படுவார். குயிக் ஃபார்மட் என்பது ரிஜிஸ்டரையே தூக்கிப் போட்டுவிட்டுப் புது நோட்டு வைப்பது. அப்போதும் அறைகளில் ஆட்கள் இருக்கிறார்கள். ரெக்கவரி சாஃப்ட்வேர் ரிஜிஸ்டரைப் பார்ப்பதே இல்லை; ஒவ்வோர் அறையாகக் கதவைத் தட்டிப் பார்க்கிறது.

இதைச் சோதித்துக் காட்டியவர்கள் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வு மாணவர்களான சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும். பயன்படுத்தப்பட்ட 158 ஹார்டு டிஸ்குகளை வாங்கினார்கள். அவற்றில் 129 வேலை செய்தன. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மருத்துவக் கடிதங்கள், காதல் கடிதங்கள், 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. ஒரு டிஸ்க், ஏடிஎம் இயந்திரத்தில் இருந்தது போலத் தெரிந்தது. முடிவுகள் 2003-ல் வெளியாயின. ‘அது அந்தக் காலம்’ என்று தோன்றலாம். டெலிட் வேலை செய்யும் விதம் ஹார்டு டிஸ்கைப் பொறுத்தவரை இன்றும் அதேதான்.

பெரிய நிறுவனங்கள் கவனமாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. மார்கன் ஸ்டான்லி என்ற அமெரிக்க நிதி நிறுவனம் 2016-ல் தன் இரண்டு டேட்டா சென்டர்களை மூடியது. பழைய சர்வர்களையும் டிஸ்குகளையும் அப்புறப்படுத்தும் வேலையை, டேட்டா அழிப்பதில் எந்த அனுபவமும் இல்லாத, வீடு மாற்றித் தரும் ஒரு மூவிங் கம்பெனியிடம் ஒப்படைத்தது. டிஸ்குகள் கை மாறி ஆன்லைன் ஏலத்துக்கு வந்தன. மறுவருடம் ஓக்லஹோமாவில் இருந்த ஓர் ஐடி ஆலோசகர், தான் ஏலத்தில் வாங்கிய டிஸ்கில் உங்கள் டேட்டா இருக்கிறது என்று நிறுவனத்துக்கே இமெயில் போட்டார். இந்தக் குளறுபடிகளுக்காக 2020-ல் வங்கி ஒழுங்குமுறை அமைப்பு 6 கோடி டாலரும், 2022 செப்டம்பரில் பங்குச் சந்தை ஆணையம் 3.5 கோடி டாலரும் அபராதம் விதித்தன. சுமார் 1.5 கோடி வாடிக்கையாளர்களின் விவரங்கள் சம்பந்தப்பட்டிருந்தன. இதில் ஒரு சோகம் என்னவென்றால், காணாமல்போன சில கருவிகளில் என்கிரிப்ஷன் வசதி ஏற்கெனவே இருந்தது. பல வருடங்களாக யாரும் அதை ஆன் செய்யவில்லை. இந்த என்கிரிப்ஷன் விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

முதலில் பேக்கப்: மறந்துபோகும் இடங்கள்

அழிப்பதைப் பற்றிப் பேசும் முன் காப்பாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டும். முறையாகத் துடைத்த டிஸ்கிலிருந்து யாராலும் எதையும் எடுக்க முடியாது. ‘யாராலும்’ என்பதில் நீங்களும் அடக்கம்.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவற்றை எல்லோரும் காப்பி எடுத்துவிடுவார்கள். தவறவிடுவது வேறு இடங்களில்தான்.

டேலி வைத்திருக்கும் ஆபீஸ் என்றால் அதன் டேட்டா ஃபோல்டர் பெரும்பாலும் டாக்குமென்ட்ஸுக்குள் இருக்காது. டேலிக்குள்ளேயே இருக்கும் பேக்கப் வசதியைப் பயன்படுத்துங்கள். அதோடு, ஃபார்மட் செய்வதற்கு முன் டேலி லைசென்ஸை ‘சரண்டர்’ செய்ய வேண்டும். இல்லையென்றால் புது கம்ப்யூட்டரில் ஆக்டிவேட் செய்யப் போகும்போது, லைசென்ஸ் இன்னும் பழைய மிஷினில்தான் இருக்கிறது என்று நிற்கும். மிஷினோ ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருக்கும். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். நிறுவனச் சட்டத்தில் பதிவான கம்பெனி என்றால் 8 நிதியாண்டுகள். ‘பழைய வருஷம்தானே’ என்று விட்டுவிட முடியாது.

அவுட்லுக்கில் மெயில் பார்ப்பவர்களுக்கு, பழைய மெயில்கள் மொத்தமும் பிஎஸ்டி என்ற ஒரே ஃபைலில் இருக்கலாம். சர்வரில் இருக்கும் என்று நம்பி விட்டுவிட்டுப் பிறகு தலையில் கைவைத்தவர்கள் பலர். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் சிபியுவின் பின்பக்கத்தில் செருகியபடியே விற்பனைக்குப் போய்விடக் கூடாது. அதன் பின் நம்பரை மானிட்டரில் ஸ்டிக்கராக ஒட்டி வைத்திருந்தால் அதையும் கிழித்துவிடுங்கள்.

தமிழில் டைப் செய்தவர்களுக்கு மட்டுமான ஒரு தொல்லையும் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பத்திரம், அழைப்பிதழ், மனு எல்லாம் அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கும். ஃபைலை மட்டும் காப்பி எடுத்தால் போதாது. விண்டோஸின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துரு ஃபைல்களையும் எடுத்து வையுங்கள். நேரம் இருந்தால் முக்கியமானவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நிரந்தரத் தீர்வு. டிடிபி கடை வைத்திருப்பவர்களுக்கு இது விருப்பம் அல்ல, அவசியம்.

எங்கே பேக்கப் எடுப்பது? அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பிரபலமாக்கிய ‘3-2-1’ கணக்கு இன்றும் நல்ல கணக்குதான்: மூன்று பிரதிகள், இரண்டு வகை இடங்களில், அதில் ஒன்று வீட்டுக்கோ ஆபீஸுக்கோ வெளியே. நடைமுறையில் இதன் பொருள், புது கம்ப்யூட்டரில் ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. கூகுள் 15 ஜிபியும் ஒன்டிரைவ் 5 ஜிபியும் இலவசமாகத் தருகின்றன. முக்கிய ஆவணங்களுக்கு இதுவே தாராளம். கல்யாண வீடியோவுக்குப் போதாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒன்டிரைவ் ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்களை, ‘அதான் கிளவுட்ல ஏறிடுச்சே’ என்று கம்ப்யூட்டரிலிருந்து டெலிட் செய்தால், கிளவுடிலும் சேர்ந்தே அழியும். ஒன்டிரைவ் செய்வது ஒத்திசைவு. இங்கே போனால் அங்கேயும் போகும். அதன் ரீசைக்கிள் பின்னில் சில நாட்கள் இருக்கும், பிறகு இருக்காது. எனவே, முதலில் ஒன்டிரைவ் செட்டிங்ஸில் போய் அந்த கம்ப்யூட்டரை ‘அன்லிங்க்’ செய்யுங்கள். அதற்குப் பிறகு எதை வேண்டுமானாலும் செய்யலாம்.

பேக்கப் எடுத்ததும் உடனே அழிக்க உட்காராதீர்கள். எக்ஸ்டர்னல் டிஸ்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, அங்கங்கே பத்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். திறக்கிறதா? எக்ஸெல் ஷீட்டில் எண்கள் இருக்கின்றனவா? முடிந்தால் ஒரு வாரம் பழைய கம்ப்யூட்டரை ஓரமாக வைத்துவிட்டுப் புதியதிலேயே வேலை செய்து பாருங்கள். ‘ஐயோ, அந்த ஃபைல் எங்கே?’ என்ற கேள்வி அந்த ஒரு வாரத்துக்குள் நிச்சயம் வரும்.

கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள்

இது சின்ன வேலை. குரோம், எட்ஜ் போன்ற பிரவுசர்களில் சேமித்த பாஸ்வேர்டுகள் உங்கள் கணக்கில் ஒத்திசைந்துள்ளனவா என்று பார்த்துவிட்டு வெளியேறுங்கள். போனில் வாட்ஸ்அப்பின் ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதிக்குப் போய் பழைய கம்ப்யூட்டரை நீக்குங்கள். கூகுள், மைக்ரோசாஃப்ட் கணக்குகளின் கருவிப் பட்டியலிலிருந்தும் நீக்குங்கள். காசு கொடுத்து வாங்கிய ஆபீஸ், அடோபி, ஆன்டிவைரஸ் எதுவாக இருந்தாலும் டீஆக்டிவேட் செய்துவிட்டால் புது மிஷினில் சிக்கல் வராது. ஆப்பிள் மேக் என்றால் ‘ஃபைண்ட் மை’ வசதியை அணைக்க மறந்தால், வாங்கியவர் உள்ளேயே நுழைய முடியாது. இரவு பத்து மணிக்கு உங்களுக்குத்தான் போன் வரும்.

அழிக்கும் வேலை: ஹார்டு டிஸ்கா, எஸ்எஸ்டியா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அழிக்கத் தொடங்கக் கூடாது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்கைப் பார்த்தால், எச்டிடியா எஸ்எஸ்டியா என்று காட்டும். 2011-ல் வந்த லேப்டாப்களில் இருப்பது சுழலும் தட்டு கொண்ட ஹார்டு டிஸ்க். கடந்த சில ஆண்டுகளில் வாங்கியது என்றால் பெரும்பாலும் எஸ்எஸ்டி. டெஸ்க்டாப்பில் இரண்டும் இருக்கலாம். சி டிரைவை மட்டும் சுத்தம் செய்துவிட்டு டி டிரைவை மறப்பதும் சகஜம்.

ஹார்டு டிஸ்க் என்றால் தீர்வு எளிது, நேரம்தான் பிடிக்கும். ஒவ்வோர் ‘அறை’யிலும் புதிதாக எதையாவது எழுதி நிரப்ப வேண்டும். விண்டோஸில் செட்டிங்ஸ் வழியாக ‘ரிக்கவரி’ பகுதிக்குப் போய் ‘ரீசெட் திஸ் பிசி’, பிறகு ‘ரிமூவ் எவ்ரிதிங்’ தேர்ந்தெடுங்கள். அத்தோடு முடித்துவிடாமல் ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ என்பதை அழுத்தி, ‘கிளீன் டேட்டா’ என்பதை ஆன் செய்யுங்கள். இந்த ஒரு சுவிட்ச்தான் வித்தியாசம். இதை ஆன் செய்யாத ரீசெட், லாட்ஜ் ரிஜிஸ்டரை மாற்றுவது போலத்தான். இரண்டாவது டிரைவுக்கு, ‘குயிக் ஃபார்மட்’ என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே முழு ஃபார்மட் டிஸ்க் முழுவதும் பூஜ்ஜியத்தை எழுதுகிறது.

ஒரு டிபி டிஸ்க், விநாடிக்கு நூறு எம்பி வேகத்தில் எழுதினால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். பழைய டிஸ்க் என்றால் ராத்திரி முழுக்கவும் ஓடலாம். சார்ஜரைச் செருகி வையுங்கள். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். நம்மூர் மின்வெட்டு, தொண்ணூறு சதவீதம் முடிந்த பிறகு வருவதற்கென்றே காத்திருக்கும்.

‘ஏழு முறை எழுத வேண்டும், முப்பத்தைந்து முறை எழுத வேண்டும்’ என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். 35 முறை என்பது பீட்டர் கட்மன் 1996-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அன்றைய பலவகை டிஸ்குகளையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. இன்றைய ஹார்டு டிஸ்கில், சாதாரண விற்பனைக்கு, முழுதாக ஒருமுறை மேலெழுதினால் போதும். அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது.

எஸ்எஸ்டி கதை வேறு. அதில் சுழலும் தட்டு இல்லை, மெமரி சிப்கள்தான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் சிப் தேய்ந்துவிடும் என்பதால், எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலர் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் எழுதும். நீங்கள் ‘207-ம் அறைமேல் எழுது’ என்றால், அது 412-ம் அறையில் எழுதிவிட்டு ‘எழுதிட்டேன்’ என்று சொல்லும். உங்கள் கண்ணுக்கே தெரியாத உபரி இடமும் அதற்குள் உண்டு. 2011-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாகத்தில் செய்த ஆய்வில், ஹார்டு டிஸ்குக்காக உருவான, தனி ஃபைலை அழிக்கும் முறைகள் எதுவுமே எஸ்எஸ்டியில் பலிக்கவில்லை. அவர்கள் சோதித்ததில் ஒரு டிரைவ், ‘முழுக்க அழித்துவிட்டேன்’ என்று அறிக்கை கொடுத்தது. திறந்து பார்த்தால் டேட்டா எல்லாம் அப்படியே இருந்தது.

எனவே எஸ்எஸ்டிக்கு இரண்டு வழிகள். ஒன்று, அந்த டிரைவுக்கென்றே இருக்கும் ‘செக்யூர் எரேஸ்’ கட்டளை. சாம்சங், க்ரூஷியல், வெஸ்டர்ன் டிஜிட்டல் போன்ற நிறுவனங்கள் இதற்கான சாஃப்ட்வேரை இலவசமாகத் தருகின்றன. ஆபீஸ் பயன்பாட்டுக்கான எச்பி, டெல், லெனோவோ மாடல்கள் பலவற்றில் பயாஸ் மெனுவுக்குள்ளேயே இந்த வசதி இருக்கிறது. இரண்டாவது, டிரைவ் முழுவதையும் என்கிரிப்ட் செய்துவிட்டு ரீசெட் செய்வது. மார்கன் ஸ்டான்லி ஆன் செய்யாமல் விட்ட வசதி இதுதான். விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர், ஹோமில் ஆதரவு உள்ள மிஷின்களில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற பெயரில் இருக்கும். டேட்டா பூட்டப்படுகிறது, ரீசெட்டில் சாவி அழிகிறது. மிச்சம் சிப்பில் எங்காவது இருந்தாலும் அது புரியாத குப்பை. பிட்லாக்கர் கேட்கும்போது ‘பயன்படுத்திய இடம் மட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுக்காமல் ‘டிரைவ் முழுவதும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதலாவதில், ஏற்கெனவே டெலிட் செய்தவை பூட்டப்படாமல் போகும்.

என்கிரிப்ஷனை விற்கும் நாளில் அல்ல, வாங்கும் நாளில் ஆன் செய்வதுதான் சரி. இந்தக் கட்டுரையைப் படித்து ஒரே ஒரு வேலை செய்வதாக இருந்தால், உங்கள் புது லேப்டாப்பில் இதைச் செய்யுங்கள். ரிக்கவரி கீயைப் பிரின்ட் எடுத்து பீரோவில் வைத்துவிடுங்கள். மேக் பயன்படுத்துபவர்களுக்குக் கவலை குறைவு: எம்1 சிப் அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ‘எரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்’ என்ற ஒரே கட்டளையில் வேலை முடிகிறது.

ரீசெட்டுக்கு முன் விண்டோஸை அப்டேட் செய்துவிடுவதும் நல்லது. 2022-ல், ‘எல்லாவற்றையும் நீக்கு’ என்று கொடுத்த பிறகும் ஒன்டிரைவ் ஃபைல்கள் சில, விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டரில் மிஞ்சியிருந்ததை ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்தார். மைக்ரோசாஃப்டும் ஒப்புக்கொண்டு அந்த ஆண்டு மார்ச்சில் சரிசெய்தது. எல்லாம் முடிந்த பிறகு ரெக்குவா போன்ற ஒரு ரெக்கவரி சாஃப்ட்வேரை நீங்களே ஓட்டிப் பார்க்கலாம். உங்களுக்குக் கிடைத்தால், வாங்குபவருக்கும் கிடைக்கும்.

ஆன் ஆகவே மாட்டேங்குதே?

ஆன் ஆகாத கம்ப்யூட்டர்தான் உண்மையில் ஆபத்தானது. ‘அது செத்துப்போச்சு’ என்று எடைக்குப் போட்டுவிடுவோம். செத்தது பெரும்பாலும் மதர்போர்டோ பவர் சப்ளையோதான். டிஸ்க் உயிரோடு இருக்கும். நாலு ஸ்க்ரூ கழற்றினால் டிஸ்க் வெளியே வந்துவிடும். அதை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு வேறு மிஷினில் இணைத்துத் துடைக்கலாம். டிஸ்கே போய்விட்டது என்றால் உடைக்கத்தான் வேண்டும். ஹார்டு டிஸ்க் என்றால் உள்ளே இருக்கும் தட்டு சேதமாக வேண்டும். லேப்டாப் டிஸ்குகளில் பல கண்ணாடித் தட்டுகள், எனவே கண்ணுக்குப் பாதுகாப்பு முக்கியம். எஸ்எஸ்டி என்றால் ஒவ்வொரு சிப்பும் உடைய வேண்டும். நடுவில் ஓர் ஆணி அடித்துவிட்டுத் திருப்திப்படக் கூடாது. தயவுசெய்து எரிக்காதீர்கள், அந்தப் புகை விஷம்.

நிறுவனங்களுக்கு இந்தச் சுத்தியல் வைத்தியம் ஒத்துவராது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு மேலாண்மை விதிகள்படி, அதிக அளவில் மின்கருவிகள் பயன்படுத்தும் நிறுவனங்கள் தங்கள் மின்கழிவைப் பதிவுபெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர் அல்லது மறுசுழற்சியாளரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். இருக்கும் மாவட்டத்திலேயே அப்படிப்பட்டவர்கள் இருப்பது இங்குள்ள தொழிற்சாலைகளுக்கு வசதி. கொடுக்கும்போது டேட்டா அழிப்புச் சான்றிதழ் கேளுங்கள். ‘20 ஹார்டு டிஸ்குகள் அழிக்கப்பட்டன’ என்று மொட்டையாக எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். ஒவ்வொரு டிஸ்கின் சீரியல் நம்பரும் அதில் இருக்க வேண்டும். நீங்கள் கொடுத்த பட்டியலோடு அது ஒத்துப்போக வேண்டும். ஆபீஸில் இருக்கும் பெரிய ஜெராக்ஸ் மிஷினையும் சிசிடிவி டிவிஆரையும் இந்தப் பட்டியலில் சேருங்கள். அவற்றுக்குள்ளும் ஹார்டு டிஸ்க் இருக்கலாம். வாடகைக்கு எடுத்த காப்பியரைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்ததற்காக அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் 2013-ல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டியிருக்கிறது.

இந்தியாவிலும் இது இனி வெறும் நல்ல பழக்கம் மட்டும் அல்ல. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். பிறருடைய தரவைக் கையாளும் நிறுவனம், அதைப் பாதுகாக்க உரிய ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஒற்றை அறை காண்ட்ராக்டருக்கு அவ்வளவு விதிப்பார்களா என்பது வேறு. சட்டம் அவரையும் சேர்த்துத்தான் பேசுகிறது.

ஏற்கெனவே விற்றுவிட்டேன், இப்போ?

வாங்கியவரைத் தெரியும் என்றால் வெட்கப்படாமல் போன் போட்டுப் பேசுங்கள். டிஸ்கைக் காசு கொடுத்தாவது திரும்ப வாங்க முடிந்தால் அதுவே மலிவு. தெரியாது என்றால், முதலில் இமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மற்ற எல்லாக் கணக்குகளுக்கும் அதுதான் சாவி. பிறகு வங்கி, பிறகு மற்றவை. ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்ற வசதி இருக்கும் இடமெல்லாம் அதை அழுத்துங்கள். எம்ஆதார் ஆப்பில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள். உங்கள் பெயரில் தெரியாத கடன் ஏதும் இருக்கிறதா என்று சிபில் போன்ற நிறுவனங்களின் அறிக்கையைப் பாருங்கள், ஆண்டுக்கு ஒருமுறை இலவசம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

அந்தக் கம்ப்யூட்டரில் தொழிலாளர்களின் ஆவணங்கள் இருந்திருந்தால் இவ்வளவும் பாதி வேலைதான். அவர்களுடைய போன் நம்பர்கள் உங்கள் பேக்கப்பில் இருக்கும். ஊருக்குத் திரும்பிவிட்டவர்களையும் சேர்த்துக் கூப்பிட்டு, ஆதாரைப் பூட்டச் சொல்லுங்கள். இந்தியோ ஒடியாவோ தெரிந்த சூப்பர்வைசர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் ஒரு மாலைப் பொழுதில் பட்டியலில் பாதிப் பேரிடம் பேசிவிடலாம்.